வாசலிலிருந்து எண்ணும் தூரம்

திருச்சி விமானநிலையத்திலிருந்து பலாலிக்கு வான்வழியில் 184 கிலோமீற்றர். எங்கள் பன்விலையிலிருந்து கண்டிக்கு இறங்கி, ஏ-9 வீதியைப் பிடித்து, யாழ்ப்பாணம் தாண்டிப் பலாலிக்குப் போனால் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருச்சி பலாலிக்குக் கிட்ட. ஒரே நாட்டுக்குள் இருக்கிற நாங்கள் எட்ட. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்ததிலிருந்து பழைய தூரங்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

எழுத வைத்தவள் மருமகள். தங்கச்சியின் மகள், பேராதனையில் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். துறையூரில் எங்கள் அத்தையின் பேரனுக்குக் கல்யாணம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது.

“மாமா, யாழ்ப்பாணத்துல இருந்து திருச்சிக்கு பிளேன் விட்டிருக்காங்க. ஒரு மணித்தியாலந்தானாம். நாம அதுலயே போவமா?”

2025 மார்ச் 30 முதல் இண்டிகோ அந்தப் பாதையில் ஓடுகிறது. ஏடிஆர் 72 வகை விமானம். இரண்டு இறக்கையிலும் விசிறி சுழலும், எழுபத்தெட்டுப் பேர் உட்காரலாம். அதற்கு முன்பே, 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. சென்னை–பலாலி 356 கிலோமீற்றர். திருச்சி அதில் பாதி. இதெல்லாம் அவள் போனில் ஒரு நொடியில் வருகிறது. ஆனால் நான் கணக்குப் படிப்பித்தவன். தூரம் எப்படி வந்தது என்று தெரியாமல் தூரத்தை நம்புவதற்கு மனசு ஒப்பவில்லை. தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பூமியின் மேல் வடக்கு தெற்காகப் போனால் ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒவ்வொரு கலையும் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். திருச்சி ஓடுபாதை வடக்கு 10 பாகை 46 கலையில் இருக்கிறது. பலாலி 9 பாகை 48 கலை. கழித்தால் 58 கலை, அப்படியே 58 கடல் மைல். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. கிழக்கு மேற்காகப் போகும்போதுதான் கவனம் வேண்டும். நெடுங்கோடுகள் உரித்த தோடம்பழத்தின் சுளைகளைப் போல நடுவில் அகன்று நுனியில் ஒடுங்குகின்றன. பூமத்திய ரேகையை விட்டு வடக்கே போகப் போக இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி குறையும். திருச்சி கிழக்கு 78 பாகை 43 கலை, பலாலி 80 பாகை 4 கலை. வித்தியாசம் 81 கலைக்குச் சற்று மேல். அதை அந்த இடத்து அகலக்கோட்டின் கோசைனால் பெருக்க வேண்டும். பத்துப் பாகைக்குக் கோசைன் 0.985, ஆகவே 80 கடல் மைல். மீதி பைதகரசின் தேற்றம். 58இன் வர்க்கம் 3364, 80இன் வர்க்கம் 6400, கூட்டினால் 9764, அதன் வர்க்கமூலம் 99 கடல் மைல்.

கொழும்பிலிருந்து இலண்டன் வரை இந்தக் குறுக்குவழி செல்லாது. பூமி உருண்டை, தட்டைத்தாளில் போட்ட முக்கோணம் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது, அங்கே கோளமுக்கோணக் கணக்குத்தான் வேண்டும். நூறு கடல் மைலுக்குள் தாள் போதும். மருமகள் போனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. அவளுடைய முகத்தில் வந்த அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் இத்தனை வருடம் கரும்பலகை முன்னால் நின்றேன்.

நான் படித்த தோட்டப் பாடசாலையில் ஒரு தேசப்படம் இருந்தது. பின்பக்கம் துணி ஒட்டியது, மேலும் கீழும் கறுப்புக் கம்பு. சுருட்டிச் சுருட்டி நடுவில் வெடித்து, பாக்கு நீரிணையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. துணி தெரிகிற அந்த இடத்தில் கடல் இல்லை. வாத்தியார் ஐயா ஒரு சாக்கு ஊசி நூலை எடுத்து முதலில் அளவுகோலில் வைத்து முடிச்சுப் போடுவார். நூறு மைலுக்கு ஒரு முடிச்சு. பிறகு நூலின் ஒரு முனையைக் கண்டியில் ஒரு பிள்ளையை விரலால் அழுத்தச் சொல்லி, மறுமுனையை இன்னொரு பிள்ளையின் கையில் கொடுத்து, “ஒங்க தாத்தா எந்த ஊரு?” என்று கேட்பார். துறையூர், முசிறி, நாமக்கல், புதுக்கோட்டை. தேசப்படத்தில் இல்லாத ஊராக இருந்தால் அவர் தன் விரலாலேயே இடம் காட்டுவார். நூல் நீளும், முடிச்சுகளை எண்ணுவோம். மூன்று முடிச்சுக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் வந்ததில்லை. முந்நூறு மைல். நான் மனதுக்குள் ஆயிரக்கணக்கில் வைத்திருந்த தூரம் அது. வீட்டில் பெரியவர்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது குரலில் இருந்த தூரம் அந்த நூலில் இல்லை.

இப்போது அதையே கணக்காகப் போட்டேன். எங்கள் லயத்தின் வாசல் ஏறத்தாழ வடக்கு 7.37 பாகை, கிழக்கு 80.71. துறையூர் 11.15, 78.60. வருவது 480 கிலோமீற்றர். ஏடிஆர் விமானம் மணிக்கு 510 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் பிரட்டுக்களத்தில் ஏறித் துறையூர்ச் சந்தைத் திடலில் இறங்க முடிந்தால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது.

அதே வேகத்தில் திருச்சி–பலாலி 184 கிலோமீற்றரை வகுத்தால் 22 நிமிடம். டிக்கட்டில் ஒரு மணித்தியாலம் என்று இருக்கிறது. மருமகளுக்கு இது பெரிய புதிராக இருந்தது. “மிச்ச நேரத்துல பிளேன் என்னா செய்யுது?”

நல்ல கேள்வி. டிக்கட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து சக்கரம் நகரத் தொடங்குவது முதல், மறுபக்கத்தில் நிற்கும் இடத்தில் சக்கரம் நிற்பது வரைக்குமான நேரம். ஓடுபாதை முனை வரை ஊர்ந்து போக வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது: ஒரு முனையில் 09, மறுமுனையில் 27; திசைகாட்டியில் 90 பாகை, 270 பாகை. காற்றுக்கு எதிராகத்தான் எழும்ப வேண்டும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கு நோக்கி எழும்பினால், போக வேண்டியதோ தென்கிழக்கே. பெரிய வளைவு போட்டுத் திரும்ப வேண்டும். பலாலி ஓடுபாதை 05, 23: வடகிழக்கும் தென்மேற்கும். அங்கேயும் காற்றுப் பார்த்துச் சுற்றி வந்து இறங்க வேண்டும். 510 கிலோமீற்றர் என்பது உயரம் தொட்ட பிறகு கிடைக்கும் வேகம். இவ்வளவு குறுகிய பாதையில் விமானம் ஏறி முடித்ததும் இறக்கம் தொடங்கிவிடும். அந்த முழு வேகத்தில் அது போகும் நேரம் மிகவும் கொஞ்சம். நடுக்கடலில் சென்னை வான்கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாற வேண்டும். எல்லாம் சேர்த்தால் வானத்தில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம், தரையில் மீதி. கடைசியில் கொஞ்ச நேரத்தைத் தாமதத்துக்கென்று முன்கூட்டியே சேர்த்தும் வைப்பார்கள். போகிற தூரத்துக்கு மட்டும் எரிபொருள் ஏற்றிக்கொண்டு எந்த விமானமும் கிளம்பாது. இறங்க முடியாமல் போனால் வேறொரு விமானநிலையத்துக்குப் போக, அங்கே மேலும் அரை மணித்தியாலம் சுற்ற என்று கையிருப்பு வைத்துத்தான் கிளம்பும். தூரக் கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்பது மலையில் பிறந்த எங்களுக்குத் தெரியும்.

1974 டிசம்பர் 4. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரைக்குப் போனவர்களை ஏற்றிய மார்ட்டின்எயார் டீசி-8 விமானம், வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. இரவு. விமானநிலையத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதில் பிழை நேர்ந்தது. கருவி காட்டியதை விமானிகள் தவறாக எடுத்துக்கொண்டார்கள்; கிட்டே வந்துவிட்டோம் என்று எண்ணி உயரத்தைக் குறைத்தார்கள். உண்மையில் இன்னும் எழுபது கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. முன்னால் இருந்தது சப்த கன்னியர் மலை. 191 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

மஸ்கெலியாப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த பெரியம்மா அடுத்து வந்த தைப்பொங்கலுக்கு வந்தபோது, அன்று இரவு மலை இடிந்து விழுந்ததாகவே லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள் என்று சொன்னார். விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் ஏறிப் போனார்கள். சிதறிக்கிடந்தவர்களின் துணிகளைப் பற்றித்தான் பெரியம்மா திரும்பத் திரும்பப் பேசினார். யாத்திரைக்கென்று புதிதாக எடுத்த துணிகள். நாங்கள் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. விமானம் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகமானது. அந்த வருடத்துக்குப் பிறகு, மேகம் மூடிய இரவில் நக்கிள்ஸ் மலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் அப்பா வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் தேய்ந்து போன பிறகுதான் உள்ளே வருவார்.

தூரத்தைச் சரியாகக் கணக்கிடுவது ஒரு மரியாதை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததற்கு அந்த மலைதான் காரணம். பரீட்சைக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை.

நேரத்துக்கு வருகிறேன். அதிலும் ஒரு கதை இருக்கிறது. இப்போது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மணி ஒன்றுதான். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை. 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த மே மாதம் 25ஆம் திகதி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. ஒரே தீவுக்குள் இரண்டு மணி.

அந்தப் பத்து வருடமும் கொழும்பு–திருச்சி டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தவர்களுக்கு விடை தவறாகத்தான் வந்திருக்கும். பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் கிளம்பினால் திருச்சி நேரப்படி ஒன்பதரையை ஒட்டி இறங்கும். திரும்பும்போது அதே தூரம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போலத் தெரியும். புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழிக்க வேண்டும் என்று கரும்பலகையில் நான் போட்டுக்காட்டிய உதாரணம் அதுதான். ஆனால் அந்த வருடங்களில் பிள்ளைகளுக்கு நேரம் என்றால் வேறொன்று. கடிகாரம் முன்னே போனதால் முதல் சில மாதங்கள் சூரியன் ஏழு மணியை நெருங்கித்தான் உதித்தது. பிரட்டு மணி பழைய எண்ணிலேயே அடித்தது. மடுல்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் டோர்ச் லைட்டோடு, டோர்ச் இல்லாதவர்கள் முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். முதல் பாடவேளையில் பாதிப் பேர் மேசையில் தலை வைத்துத் தூங்குவார்கள். நான் எழுப்பியதில்லை.

அத்தை போன நாளைச் சொல்லாமல் துறையூருக்குத் தூரம் சொல்வதில் பொருளில்லை.

1964 ஒக்டோபர் 30இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பிரித்த ஒப்பந்தம் அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். 1974இல் அதையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இங்கே, அத்தை குடும்பத்துக்கு அங்கே என்று வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

பயணம் சொல்ல வீடு வீடாக அத்தை போனார். யாரும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. தேயிலைத்தூள், ஏலக்காய், சவர்க்காரம். தகரப்பெட்டியில் மாமா வெள்ளைப் பெயின்றால் பெயரும் “துறையூர்” என்றும் எழுதினார். எழுத்து காய்வதற்குள் பெட்டியைத் தூக்கியதில் கடைசி எழுத்து இழுபட்டுவிட்டது. லொறி கண்டி ஸ்டேசன் வரை போனது. மேடையில் மூன்று நான்கு தோட்டங்களின் சனம் நின்றது. வண்டி அசைந்ததும் ஒரே நேரத்தில் எழுந்த அந்த அழுகையால்தான் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. அத்தை சத்தம் போட்டு அழவில்லை. “அண்ணே, மாட்டுக்குத் தண்ணி காட்டிரு” என்று மட்டும் சொன்னார். மாடு அதற்கு முந்தின கிழமையே விற்றாகிவிட்டது.

கண்டியிலிருந்து பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார், தலைமன்னார்த் துறை. அங்கே வரிசை, சோதனை, முத்திரை. பிறகு ராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து இரயில் ஏறித் திருச்சி. துறையூர் போய்ச் சேர்ந்ததாக அத்தை எழுதிய நீலநிற வான்கடிதம் விமானத்தில் வந்தும் வாரக்கணக்கில் தாமதித்துத்தான் பன்விலைத் தபாற்கந்தோருக்கு வந்தது. அப்பா அதை வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். மண் சிவப்பாக இல்லை, கறுப்பாக இருக்கிறது, தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது, கூப்பிட்டால் எதிரொலி வரவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அந்தக் காலத்திலும் வானத்தில் வழி இருந்தது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. டகோட்டா என்று எல்லோரும் சொல்லும் டீசி-3. சீதாதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். காங்கேசன்துறை விமானநிலையம் என்று அன்று சொன்னது இன்றைய பலாலியைத்தான். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை. பிறகு திருச்சிக்கும் ஓடியது. டகோட்டா மணிக்கு 270 கிலோமீற்றர் போனால் 184 கிலோமீற்றருக்கு நாற்பது நிமிடம். யாழ்ப்பாணத்து வியாபாரிகளும் உத்தியோகத்தரும் மருத்துவத்துக்குப் போனவர்களும் அதில் போய் வந்ததைப் பெரியவர்கள் இன்றும் ஆசையோடு சொல்கிறார்கள். அந்தச் சீதாதேவி பறக்கத் தொடங்கி ஒரு வருடம் நிறைவதற்குள், 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத்தில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பாஸ்போட் இல்லாதவனுக்கு நாற்பது நிமிடமும் நாலாயிரம் மைலும் ஒன்றுதான். எங்கள் தூரக் கணக்கில் வேகத்தால் வகுப்பதற்கு முன்னால் ஒரு தாள் தேவைப்பட்டது. அத்தைக்கு அந்தத் தாள் கிடைத்தது, ஒரு பக்கம் போவதற்கு மட்டும்.

மருமகளிடம் இப்போது பாஸ்போட் இருக்கிறது. கண்டியிலேயே எடுத்தாள். அதை என் கையில் கொண்டுவந்து கொடுத்தபோது நான் சின்னத்தைப் பார்க்கவில்லை, பிறந்த இடம் என்ற வரியைத் தேடிப் பார்த்தேன். கண்டி என்று இருந்தது.

சரி, அவளுடைய கேள்விக்கு விடை. அதற்கும் ஒரு தாள் எடுத்தோம். விமானநிலையத்திலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டு, இந்த முறை வாசலிலிருந்து எண்ணினோம்.

பலாலி வழி: பன்விலையிலிருந்து வத்துகாமம் வழியாகக் கண்டிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பஸ்ஸுக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம். அங்கிருந்து பலாலி. மூன்று மணித்தியாலம் முன்னால் நிற்க வேண்டும். விமானம் ஒரு மணித்தியாலம். திருச்சியில் இறங்கி வெளியே வர, பிறகு துறையூர் பஸ். கூட்டினால் பதினேழு மணித்தியாலத்துக்குக் குறையாது. கட்டுநாயக்க வழி: கண்டி, அங்கிருந்து கட்டுநாயக்க, அதே மூன்று மணித்தியாலம், விமானத்தில் 419 கிலோமீற்றர், திருச்சி, துறையூர். பன்னிரண்டு. வானத்தில் இரண்டு மடங்குக்கு மேல் தூரம் கூடினாலும் வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணித்தியாலம் மிச்சம். குறுகிய பறப்பு, நீண்ட பயணம். எந்த இரண்டு விமானநிலையத்துக்கும் இடையில் தூரம் கேட்டாலும் போன் சொல்லிவிடும். விமானநிலையத்துக்கும் லயத்துக்கும் இடையில் இருப்பதை நாமேதான் கூட்ட வேண்டும். அதைக் கூட்டாமல் சொல்கிற எந்த நேரமும் எங்களுக்கு உதவாது.

விமானம் எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்டிக்கும் வத்துகாமத்துக்கும் நடுவே பொல்கொல்ல இருக்கிறது. மகாவலியை மறித்து 1976இல் கட்டிய அணை. அதன் நீர்ப்பரப்பில் மிதவை பூட்டிய சிறு விமானங்கள் இறங்கியிருக்கின்றன. உலகத்து விமானநிலையப் பட்டியலில் அந்தக் குளத்துக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: கேடிஇசட். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கும் ஒன்று உண்டு: கேடிடபிள்யூ. கட்டுநாயக்கவிலிருந்து பொல்கொல்ல நேர்கோட்டில் 86 கிலோமீற்றர். செஸ்னா கரவான் போன்ற விமானத்துக்கு அரை மணித்தியாலம். ஒருநாள் வத்துகாமம் பஸ்ஸுக்குள் நின்றபடி அப்படி ஒன்று தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தேன். முதலில் மிதவையின் பின்பக்கம் தண்ணீரைத் தொட்டு ஒரு வெள்ளைக் கோடு கிழித்தது. கோடு அகன்றது, மூக்கு தாழ்ந்தது, விசிறியின் சத்தம் சட்டென்று குறைந்தது; பிறகு அது ஒரு படகாகத்தான் வந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தோம். கொழுந்து எடுக்கிறவரின் நாட்சம்பளத்துக்கு அந்த அரை மணித்தியாலம் எட்டாது. ஆனாலும் அணையோரம் நின்ற பிள்ளைகளின் கண்ணில் அன்று நான் கண்டது பொறாமை இல்லை. எப்படி மிதக்கிறது, எப்படி எழும்பும் என்ற கேள்விதான். அடுத்த நாள் அதைத்தான் படிப்பித்தேன்.

184 கிலோமீற்றருக்குத் திரும்பி வந்தால், எனக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்கிறது.

எங்கள் முன்னோர் கோப்பிக் காலத்தில் வந்த வழி விமானநிலையம் எதையும் தொடவில்லை. கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளையிலிருந்து எங்கள் மலைக்கு ஒரு எட்டு. 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். யூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த நடை, சுமார் 250 கிலோமீற்றர், 16 நாட்கள். வழியில் பல ஊர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். மாத்தளைக்கு அவர்கள் வந்து சேர்ந்த அன்று நானும் போயிருந்தேன். ஒரு அம்மாவின் குதிகாலில் வெடிப்புகளுக்குள் செம்மண் ஏறிக் கோடு கோடாக நின்றது. அவர் அதைக் கழுவ விடவில்லை.

இப்போது வடக்கே பலாலியில் விமானம் இறங்குகிறது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இவை இரண்டும் தேவை. போர் அறுத்த வழி அது, திரும்பக் கிடைத்ததில் எனக்கும் மனம் நிறைந்த சந்தோஷம். எங்களுடைய வழி தலைமன்னார். 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 22 மைல் கடலைக் கப்பல் தாண்டியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பதுகளின் நடுவில் நின்றதுதான்.

அது விமானத்தை நேரத்தில் வெல்லாது. பன்விலையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரத்திலிருந்து இரயிலில் திருச்சி என்று கூட்டினால் ஒரு பகலும் ஒரு இரவும் போகும். ஆனால் அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இங்கே அவரைப் பார்க்க ஆசைப்படுகிற உறவு ஒரு லயம் நிறைய இருக்கிறது. ஆளுக்கொரு விமான டிக்கட் எடுக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. கோச்சிக் கட்டணமும் கப்பல் கட்டணமும் என்றால் கிழவிகள், கைக்குழந்தைகள், ஏலக்காய் மூட்டை, தேயிலைத்தூள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகலாம். இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பலைப் பற்றி இரண்டு அரசாங்கமும் பல வருடமாகப் பேசுகின்றன. அழுதுகொண்டே போனவர்களின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அதே துறையில் வந்து இறங்குவதை என் காலத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கல்யாணத்துக்கு மருமகளும் அவள் அம்மாவும் நானும் கட்டுநாயக்க வழியாகப் போகிறோம், டிக்கட் எடுத்தாயிற்று. மற்றவர்கள் வீடியோவில் பார்ப்பார்கள். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் தண்டவாளத்தைப் போருக்குப் பிறகு திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை கோச்சி விட்டுப் பத்து வருடம் கடந்துவிட்டது. துறை வரை போகலாம். கப்பல்தான் பாக்கி.